கிரான்ஃபீல்ட் சோதனை – கடிதம்

சார் வணக்கம். நூலக, தகவல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். 'கம்ப்யூட்டர் சயின்ஸோட ஒரு மூலைதானே இது'ன்னு ஃப்ரெண்ட்ஸ் கேட்டா பதில் சொல்லத் தெரியலை. அடிக்கடி பேரை மாத்திக்கிற துறைக்குத் தனி அடையாளம் இருக்கா? டேட்டா சயின்ஸுக்கு மாறிடலாமா?

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளா மனசுல ஓடிட்டிருந்த விஷயத்தைத் தொட்டுட்டே, அதான் உடனே எழுதுறேன். பேர் மாறுறதெல்லாம் ஒரு பிரச்சினையா, விடு. ஆனா மூலைன்னு ஒருத்தன் சொன்னப்ப வாயை மூடிட்டு வந்தியே, அதுக்குத்தான் கோவம் வருது. பிரஸ்ஸல்ஸ்ல பால் ஓட்லேவும் ஆன்ரி லா ஃபொன்டேனும் உலகத்துல அச்சான அத்தனையோட விவரத்தையும் தேடி எடுக்க வசதியா தனித்தனி அட்டையில எழுதி வைக்கக் கிளம்பினது 1895ல, சேர்ந்தது கோடிக்கு மேல. அப்ப எந்த கம்ப்யூட்டர் இருந்துச்சு? சொந்தப் பாடத்தோட வரலாறு தெரியாம அடையாளம் தேடினா எப்படிப்பா?

கிரான்ஃபீல்ட் பத்தி உங்க கிளாஸ்ல சொன்னாங்களா? இங்கிலாந்துல கிரான்ஃபீல்டுங்கிற ஊர்ல இருந்த விமானவியல் கல்லூரியில சிரில் கிளெவர்டன்னு ஒரு நூலகர். எந்த வகைப்பாட்டு முறை ஒசத்தின்னு ஆளாளுக்கு அடிச்சுக்கிட்ட காலம், முறையா சோதிச்சுப் பாத்தவங்க ரொம்பக் கம்மி. அவர் 18,000 ஆவணங்களை நாலு முறையில இன்டெக்ஸ் பண்ணி, அதாவது எது எதைப் பத்தினதுன்னு குறிச்சு வெச்சு, 1,200 கேள்விகளை விட்டுத் தேடிப் பாத்தார், நாலுக்கும் பெரிய வித்தியாசமே இல்லைன்னு 1962ல வந்துச்சு. ஆவணத்தைப் பாத்தே கேள்வி தயாரிச்சா சோதனையே செல்லாதுன்னு திட்டினாங்க. சரின்னு 1,400 ஆவணங்களோட மறுபடி இறங்கினார், இந்தத் தடவை ஆராய்ச்சி பண்றவங்ககிட்டயே அவங்களோட கேள்வி என்ன, அதுக்கு எந்தக் கட்டுரை உதவுதுன்னு கேட்டு வாங்கினார். கடைசில நிபுணர்கள் பாத்துப் பாத்துக் கட்டின சொற்பட்டியலை விட கட்டுரையிலேயே கெடக்குற ஒத்தைச் சொற்கள்தான் நல்லா தேடிக் குடுத்துச்சு! தன் தொழிலோட நம்பிக்கையையே அசைக்கிற ரிசல்ட், அதை அந்த நூலகர் மறைக்காம 1966ல அப்படியே அச்சுல போட்டார் தம்பி, எனக்கு இப்பவும் அதை நெனச்சா நெஞ்சு நிமிருது. இன்னிக்கும் ஒரு தேடுபொறி நல்லா தேடுதான்னு பாக்க ஆவணத் தொகுப்பு, கேள்விகள், எது பொருத்தம்னு மனுஷங்க சொன்ன தீர்ப்புன்னு அவர் போட்ட வழியிலதான் பெரும்பாலும் போறாங்க. கேட்டவருக்கு இது உதவுச்சாங்கிற கேள்வியை அளக்கிற விஷயமா மாத்தினது உன் துறை. மெஷின் எவ்வளவு வேகமா ஓடினாலும் அது தீராத கேள்வி.

டேட்டா சயின்ஸுக்குப் போறதும் போகாததும் உன் இஷ்டம், ஃபார்ம் போடுறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு ரிப்போர்ட்டையும் தேடிப் படி. படிச்சிட்டு எழுது.