ஓய்வுக்காலப் பணத்தில் பாதியை மாற்று எரிசக்தியில் போடலாமா?

கேள்வி: என் வயது 42. ஓய்வுக்காலத்துக்காகச் சேர்த்ததில் பாதியை மாற்று எரிசக்தித் துறை ஃபண்டுக்கு மாற்ற நினைக்கிறேன். நிலக்கரி, பெட்ரோலிலிருந்து உலகம் விலகுகிறது, அரசுகளும் ஆதரவு தருகின்றன. 15 ஆண்டுகள் காத்திருக்கத் தயார். சரியா?

பதில்: பாதி வேண்டாம். மொத்தச் சேமிப்பில் 10 சதவிகிதத்தைத் தாண்டாதீர்கள். உலகம் போகும் திசையைச் சரியாகவே கணித்திருக்கிறீர்கள். புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்தித் திறனை 2030-க்குள் மூன்று மடங்காக்க, 2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆனால், துறை வளர்ந்தால் பங்குதாரருக்கும் லாபம் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2010-க்குப் பிந்தைய பத்தாண்டில் சோலார் பேனல் விலை ஏறக்குறைய 90 சதவிகிதம் சரிந்தது. வாங்கியவர்களுக்கு நல்லது, தயாரித்தவர்களுக்கு லாபம் கரைந்தது. ஒருகாலத்தில் உலகின் மிகப் பெரிய பேனல் தயாரிப்பாளரான சீனாவின் சன்டெக், 2013-ல் கடன் பத்திரப் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் தவறியது. அதுவும் சோலார் வேகமாகப் பரவிக்கொண்டிருந்த காலத்தில்!

அரசு ஆதரவும் நிரந்தரமல்ல. ஸ்பெயின் 2007-ல் சோலார் மின்சாரத்துக்குத் தாராள விலை அறிவித்தது. சுமை தாங்காமல் 2010 முதல் அதைக் குறைத்து, 2013-ல் அந்த விலை முறையையே ரத்து செய்தது. ஏற்கெனவே இயங்கிவந்த நிலையங்களும் தப்பவில்லை.

பலர் கவனிக்கத் தவறுவது வட்டியை. சோலார், காற்றாலைக்கு எரிபொருள் செலவு இல்லை. கிட்டத்தட்ட முழுச் செலவும் தொடக்கத்திலேயே, பெரும்பாலும் கடனாக வருகிறது. 100 ரூபாய் கடனை 25 ஆண்டுகளில் அடைக்க, 4 சதவிகித வட்டியில் ஆண்டுத் தவணை 6.40, 8 சதவிகிதத்தில் 9.37. வெயிலும் காற்றும் அப்படியே இருக்க, தவணை மட்டும் 46 சதவிகிதம் கூடுகிறது. மின்சார விலையை முன்பே ஒப்பந்தத்தில் பூட்டிவிட்டு, கடன் வட்டியை இன்னும் பூட்டாத நிறுவனம் இங்கேதான் அடிபடும்.

இதையெல்லாம் ஏற்றுக்கொண்டு இறங்குவதானால், ஃபண்டின் மாதாந்தர அறிக்கையைத் திறந்து பாருங்கள். முதல் 10 பங்குகளிலேயே பாதிக்குமேல் பணம் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். பேனல், டர்பைன் தயாரிப்பாளர்கள் எவ்வளவு, மின் உற்பத்தியாளர்கள் எவ்வளவு, மின்தொடரமைப்பு (மின்சாரத்தைக் கம்பி வழியே கொண்டுசெல்லும்) நிறுவனங்கள் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். நான் மின்தொடரமைப்பு பக்கம்தான் சாய்வேன். எந்தத் தொழில்நுட்பம் ஜெயித்தாலும் கம்பி வேண்டும். அந்த நிறுவனங்களின் வருமானத்தைப் பெரும்பாலும் ஒழுங்குமுறை ஆணையமே நிர்ணயிக்கிறது.

இப்போதுள்ள முதலீட்டை விற்கும்முன் வெளியேறும் கட்டணத்தையும் வரியையும் கணக்கிடுங்கள். மொத்தமாக மாற்றாமல் 18 மாதத் தவணைகளாகப் போடுங்கள். இந்த ஃபண்ட் 60 சதவிகிதம் விழுந்தால், பழைய நிலைக்குத் திரும்ப 150 சதவிகிதம் ஏற வேண்டும். 10 சதவிகிதம் மட்டும் போட்டிருந்தால் மொத்தத்தில் 6 சதவிகித இழப்பு. பாதியைப் போட்டிருந்தால் 30. வருடம் ஒருமுறை பாருங்கள். மொத்தச் சேமிப்பில் இந்த ஃபண்டின் அளவு 15 சதவிகிதத்தைத் தாண்டினால் கூடுதலை விற்றுப் பரவலான இண்டெக்ஸ் ஃபண்டுக்கு (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்ட்) மாற்றிவிடுங்கள்.