மாணவர் கட்டுரை கொப்பியா என்று மென்பொருள் சரியாகச் சொல்லுமா?

பாதிதான் சொல்லும். டேர்னிட்டின் போன்றவை தங்கள் களஞ்சியத்தில் உள்ள எழுத்தோடு ஒப்பிட்டு ஒற்றுமை வீதம் தரும்; களவு என்று தீர்ப்புச் சொல்லாது. 30 வீதம் வந்தாலும் அதில் பாதி மேற்கோளும் உசாத்துணைப் பட்டியலுமாக இருக்கலாம். அறிக்கையைத் திறந்து வாசிக்காமல் புள்ளி குறைப்பது அநியாயம்.

தமிழில் இன்னொரு கூத்து. கிளிநொச்சியில் எனக்கு வரும் ஒப்படைகள் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான். திரையில் ‘இரணைமடு’ என்று தெரியும்; கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்தும் குறியீடும். ஒருங்குறியில் (யூனிகோட்) உள்ள விக்கிப்பீடியாப் பக்கத்தைப் பாமினிக்கு மாற்றி ஒட்டினால் சாதாரண ஒப்பீட்டில் அகப்படாது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்ததும் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நான் நம்புவதில்லை. ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் விட்ட கருவியை, துல்லியம் காணாதென்று ஜூலையில் நிறுத்திவிட்டது.

பிள்ளையைக் கூப்பிட்டுக் கதைப்பதுதான் என் வழி. போன தவணை ஒருவன் இரணைமடுக் குளத்தைப் பற்றி நாலு பக்கம் தந்தான், நல்ல தமிழ்.

“வான் பாயேக்க போய்ப் பாத்தனியோ?”

“நான் அந்தப் பக்கமே போகேல்லை, சேர்.”