உப்புக்காற்றில் ஒரு பழைய கார் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

மணவாளக்குறிச்சியில் இருந்து எழுதுகிறேன். எங்களிடம் இருப்பது 2011 மாடல் சின்ன கார், பெட்ரோல். அப்பா வாங்கியது. வீடு கடலுக்குப் பக்கம், ஷெட் கிடையாது, வண்டி முற்றத்தில்தான் நிற்கும். அம்மாவை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போக, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக, அவ்வளவுதான் ஓட்டம். கிளட்ச் போய்விட்டது. ஏசி கூலிங் காயிலில் ஓட்டை. எஞ்சின் ஆயில் குடிக்கிறது. திங்கள்சந்தை மெக்கானிக் 85,000 ஆகும் என்கிறார். விற்றால் 80,000கூடத் தேறாது. துபாயில் இருக்கும் தம்பி "தள்ளிவிட்டுட்டு லோன்ல புதுசு எடு" என்கிறான். 15 வருடம் முடிந்தால் வண்டியை உடைக்கத்தான் வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. என்ன செய்யலாம்?

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணாச்சி சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். பெட்ரோலுக்கு 15 வருடம், டீசலுக்கு 10 வருடம் என்ற கணக்கு டெல்லி சுற்றுவட்டாரத்துக்குப் போட்டது. இங்கே 15 வருடம் ஆனால் வண்டியை ஆர்டிஓ ஆபீசில் காட்டி, தகுதி இருந்தால் ஆர்சியை ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று; பசுமை வரி தனி.

உங்கள் கடிதத்தில் கிளட்ச் இருக்கிறது, ஏசி இருக்கிறது, எஞ்சின் இருக்கிறது. வண்டியின் உடம்பான இரும்புத் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடலோரத்தில் பதினைந்து வருடம் வெட்டவெளியில் நின்ற வண்டிக்கு அதுதானே முதல் கேள்வி? நமக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. உப்பு படிந்த தகட்டில் ஈரம் காயவே காயாது. கிளட்ச் பிளேட்டை மாற்றலாம், எஞ்சினைக்கூட இறக்கி வேலை பார்க்கலாம். சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடமே துருவில் போய்விட்டால் அதன்மேல் எவ்வளவு கொட்டினாலும் வீண்.

ஆகவே எஞ்சினில் கைவைக்கும் முன் வண்டியை ரேம்ப்பில் ஏற்றச் சொல்லுங்கள். நீங்களும் கூட நின்று பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து நன்றாக அழுத்துங்கள். நல்ல தகடு அசையாது. கெட்டது பொருபொருவென்று உதிர்ந்து முனை உள்ளே போய்விடும். ஸ்பேனர் பிடியால் கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள், கணீரென்று வரும் சத்தம் எங்கே மந்தமாகிறது என்று கேளுங்கள். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. அதில் மண் அடைத்திருந்தால் கதவு உள்ளிருந்தே அழுகும். கதவைச் சாத்தும்போது உள்ளே தண்ணீர் அலம்புகிறதா? அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்து யாராவது காட்டினால் மயங்காதீர்கள். துருவை மூடிவைக்க அதைவிட வசதியான சாமான் கிடையாது.

தகடு உறுதியாக இருந்தால் சரி செய்யுங்கள் என்பதே என் பக்கம். "80,000 வண்டிக்கு 85,000 செலவா?" என்று கேட்பார்கள். விற்கப் போகிறவனுக்குத்தான் அந்தக் கணக்கு. ஐந்து லட்சம் லோனை ஐந்து வருடத்துக்குப் போட்டால், ஒன்பதரை சதவீத வட்டியில் மாதத் தவணை பத்தாயிரத்து ஐந்நூறு ஆகும். உங்கள் மெக்கானிக் கேட்கும் தொகை எட்டு மாதத் தவணை. வண்டி இரண்டு வருடம் மக்கர் பண்ணாமல் ஓடினாலே லாபம். அந்த 85,000த்தையும் அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டாம். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ் சீல், செலவு குறைவு. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் புகைந்தால் பிஸ்டன் ரிங், எஞ்சினை இறக்க வேண்டிவரும். எஞ்சினுக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களையும் கையோடு மாற்றிவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

துபாய் தம்பி பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அவன் சொல்லாத நியாயம். டிரைவர் ஏர்பேக் எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில். உங்கள் 2011 சின்ன காரில் அது இருக்க வாய்ப்புக் குறைவு. அடிக்கடி நேஷனல் ஹைவேயில் திருவனந்தபுரம் போய்வருகிற ஆளாக இருந்தால் நானே மாற்றச் சொல்லியிருப்பேன். ஆசாரிப்பள்ளத்துக்கும் கோயிலுக்கும் போக நான் அவசரப்படுத்த மாட்டேன்.

ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டதா? அப்படியானால் ஒரு ரூபாய் செலவழிக்காமல் இருக்கிற நிலையிலேயே கொடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டியை 18 சதவீதமாகக் குறைத்திருக்கிறார்கள், புதுசுக்கு இது மோசமான நேரம் இல்லை. செகண்ட் ஹேண்ட்தான் என்றால் மதுரைப் பக்கம் ஓடிய வண்டியாகத் தேடுங்கள். கடலோர வண்டியை விற்றுவிட்டு இன்னொரு கடலோர வண்டியை வாங்காதீர்கள். எதுவானாலும் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். மூட்டுவலி இருந்தால் சீட்டின் உயரம் முக்கியம். விலை பேசுவதற்கு முன்னால் இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்க்கட்டும்.