சாய்வில் மைனஸ் எங்கிருந்து வந்தது?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். (2, 3), (6, 11) புள்ளிகள் வழியே போகும் கோட்டின் சாய்வு எனக்கு −2 என வருகிறது, புத்தகத்தில் விடை 2. எங்கே தப்பு?

பதில்: சாய்வு என்பது y மதிப்புகளின் வித்தியாசத்தை x மதிப்புகளின் வித்தியாசத்தால் வகுப்பது. நீங்கள் பின்னத்தின் மேலே 11−3 என்று எழுதிவிட்டுக் கீழே 2−6 என்று திருப்பிப் போட்டிருப்பீர்கள். எந்தப் புள்ளியில் வேண்டுமானாலும் தொடங்கலாம், ஆனால் மேலே எதில் தொடங்கினீர்களோ கீழேயும் அதிலேயே தொடங்க வேண்டும், அப்போது 8/4, அதாவது 2. வலப்பக்கம் 1 நகர்ந்தால் கோடு 2 ஏறுகிறது, அவ்வளவுதான் இதன் பொருள். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தில் 12 அடி நகர்ந்தால் 1 அடி ஏற்றம் என்றால் சாய்வு 1/12. அப்புறம், முதலில் ஒரு படம் வரைந்துவிடுங்கள், இடமிருந்து வலமாக ஏறும் கோட்டுக்கு மைனஸ் வரவே வராது. செங்குத்துக் கோட்டில் மட்டும் கீழே 0 வரும், அதற்குச் சாய்வை வரையறுக்க முடியாது.