பாயிண்ட் லே கரையில் வால்ரஸ்கள் கூடும் காலம்: புதிதாக வரும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வரும் ஆகஸ்டில் பாயிண்ட் லே பள்ளியில் கணித ஆசிரியையாகச் சேரவிருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஊருக்கு எதிரே கூடும், தந்தமுள்ள பெரிய கடல்விலங்குகளான வால்ரஸ்களைப் படகில் நெருங்கிப் பார்க்கலாமா, ட்ரோன் கொண்டு படமெடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அலாஸ்காவின் இந்த வடமேற்குக் கரையில் 9 ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட அக்காவாகச் சொல்கிறேன்: நெருங்க வேண்டாம், ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வால்ரஸுக்கு இரை கடலடியில் கிடக்கும் மட்டிகள். மூழ்கி மேய்ந்தபின் ஏறிப் படுத்து இளைப்பாற அதற்கு ஓர் இடம் வேண்டும். முன்பு கோடையிலும் நம் கரையையொட்டிய சுக்சி கடலின் ஆழம் குறைந்த பகுதியில் பனிப்பாளங்கள் மிதந்தன. தாய் விலங்குகள் குட்டிகளைப் பாளத்தின்மேல் விட்டுவிட்டு அங்கேயே இறங்கி மேய்ந்தன. கடல் சூடேறிய இந்தக் காலத்தில் கோடை முடிவதற்குள் பனி வடக்கே ஆழ்கடல்வரை பின்வாங்கிவிடுகிறது. அங்கே மூழ்கினாலும் தரை எட்டாது. அதனால்தான் 2007 முதல் அமெரிக்கப் பக்கத்துக் கரையில் அவை பெருங்கூட்டமாக ஏறுகின்றன. மேய்ச்சலுக்கு 100 மைலுக்கு அப்பாலுள்ள ஹானா ஷோல் திட்டுவரைகூட நீந்திச் சென்று, களைத்துத் திரும்புகின்றன. 2014 செப்டம்பரில் எங்கள் ஊருக்கு வடக்கேயுள்ள மணல்தீவில் ஏறத்தாழ 35,000 வால்ரஸ்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்தன. ஊரின் மக்கள்தொகையோ சுமார் 300தான்.

அந்த நெருக்கத்தில்தான் ஆபத்து இருக்கிறது. இயந்திரச் சத்தமோ மனித வாடையோ பட்டு ஒரு பகுதி மிரண்டால், மொத்தக் கூட்டமும் கடலை நோக்கிப் பாயும்; டன் கணக்கில் எடையுள்ள உடல்களின் கீழ் குட்டிகள் நசுங்கிச் சாகும். 2009இல் இதே கரையிலுள்ள ஐசி கேப் முனை அருகே 130க்கும் மேற்பட்டவை, பெரும்பாலும் இளையவை, இவ்வாறு இறந்து கிடந்தன. அதனால்தான் விமானிகள் விலகி, உயரப் பறக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். செய்தியாளர்களும் சுற்றுலாப் பயணிகளும் வர வேண்டாம் என்று ஊரின் பழங்குடி மன்றமே வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. வால்ரஸை உணவுக்காக வேட்டையாடும் உரிமையை 1972ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வூர்ப் பழங்குடிகளான இனுபியாட் மக்களுக்கு விட்டுவைத்திருக்கிறது; உரிமையுள்ள அவர்களே அமைதி காக்கும்போது, வந்தேறிகளான நாம் வேடிக்கை பார்க்கப் போவது எனக்குப் பெரிய மரியாதைக்குறைவாகவே படுகிறது.

நானும் முதல் செப்டம்பரில் போகத் துடித்தேன். பக்கத்து வீட்டு மூதாட்டி மறுத்து எதுவும் சொல்லவில்லை. காயலைப் பார்த்த தம் சன்னலோரத்தில் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இனுபியாட் மொழியில் வால்ரஸின் பெயர் 'அய்விக்' என்று சொல்லிக்கொடுத்தார்.

தொலைநோக்கி ஒன்று மட்டும் கொண்டுவாருங்கள். கடற்கரையில் தனியாக நடக்கவே வேண்டாம். இறந்த விலங்குகளின் வாடைக்குப் பனிக்கரடிகள் வரும். எந்த நாளில், எங்கே நின்று பார்க்கலாம் என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த ஆண்டு விட்டுவிடுங்கள்.