பறவைகளை நீர்வண்ணத்திலும் குவாஷ் என்ற ஒளிபுகா வண்ணத்திலும் வேகமாக வரைவது எப்படி? இருபது நிமிடத்தில் முடிக்கப் பார்த்தால் வண்ணமெல்லாம் சேறாகிவிடுகிறது.

சேறாவதற்கு வேகம் காரணமில்லை. பாதி காய்ந்த இடத்தை மறுபடி மறுபடி தொடுவதுதான் காரணம். எனக்கும் ஆரம்பத்தில் இதே தொல்லைதான். ஒரு சிட்டுக்குருவியை இறகு இறகாக இரண்டு மணி நேரம் வரைந்தேன், உயிரே இல்லை. இப்போது இருபது நிமிடத்தில் முதல் ஐந்தைப் பென்சிலுக்கே கொடுத்துவிடுகிறேன்.

அந்த ஐந்து நிமிடத்தில் இறகு ஒன்றைக்கூட வரைவதில்லை. உடல் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று ஒரே ஒரு கோடு. அதன் மேல் முட்டை வடிவில் உடல், வட்டமாகத் தலை. பாதம் உடலின் எடைக்கு நேர் கீழே வருகிறதா என்று பார்ப்பேன். இது தவறினால் எவ்வளவு அழகாக வண்ணம் தீட்டினாலும் பறவை கவிழ்ந்துவிடும் போலவே இருக்கும். அலகு பிளக்கும் கோட்டைப் பின்னால் நீட்டிப் பாருங்கள், பெரும்பாலான பறவைகளுக்குக் கண் அதற்குச் சற்று மேலே இருக்கும்.

அப்புறம் நீர்வண்ணம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கெட்டித் தாள், எட்டாம் எண் உருண்டை பிரஷ் போதும். உடல் முழுவதும் வெளிர் நிறத்தில் ஒரே பூச்சு, வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் தாளின் வெள்ளை. ஈரம் பளபளக்கும்போதே வயிற்றடியிலும் இறக்கையிலும் அடர்நிறத்தைத் தொட்டு விடுங்கள், அது தானாகப் பரவும். பளபளப்பு மங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் ஒரு சொட்டு நீர் பட்டாலும் காலிஃப்ளவர் மாதிரி விளிம்பு விழும். சும்மா காத்திருக்க முடியாது என்பதால் நான் பக்கத்திலேயே இன்னொரு பறவையைத் தொடங்கிவிடுவேன்.

நன்றாகக் காய்ந்த பிறகுதான் குவாஷ். காய்ந்த குவாஷும் நீர் பட்டால் மறுபடி கரையும், கீழே இருக்கும் நீர்வண்ணத்தையும் கிளப்பிவிடும். உங்கள் படம் சேறாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் என்று நினைக்கிறேன். தயிர்ப் பதத்தில் கெட்டியாக எடுத்து ஒரே தொடலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். காயும்போது வெளிர் நிறங்கள் சற்று அடர்ந்தும், அடர்நிறங்கள் சற்று வெளுத்தும் போகும். ஓரத்தில் ஒரு கீற்று போட்டுக் காயவிட்டுப் பார்ப்பது நல்லது. பிரஷ் கழுவ இரண்டு குவளை வையுங்கள். வெள்ளை குவாஷ் கலந்த நீர் நீர்வண்ணத்தின் தெளிவைக் கெடுத்துவிடும்.

எந்த நிறம் எந்தப் பறவைக்கு என்பதும் முக்கியம். காகத்துக்குக் கறுப்பு ட்யூபைத் தொடாதீர்கள். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் வரும் இருட்டில் உயிர் இருக்கும், முதுகின் மினுமினுப்புக்கு மேலே சாம்பல் நீலத்தில் இரண்டு குவாஷ் கீற்று. கொக்குக்கு நேர்மாறு: பின்னணியைத் தீட்டுங்கள், கொக்கு தாளிலேயே கிடைத்துவிடும், நிழலுக்கு மட்டும் கொஞ்சம் நீலச் சாம்பல். மீன்கொத்தியின் நீலம் சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. அதனால்தான் தட்டையான நீலம் பூசினால் செத்துப்போகிறது. வெளிர்ப் பூச்சின் மேல் முதுகில் மட்டும் கெட்டியான இளநீலக் குவாஷை வைத்தால் நீலம் எரியும்.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் பனங்காடையின் இறக்கையை வரைந்ததும் நீர்வண்ணத்தோடு இந்த ஒளிபுகா வண்ணத்தைச் சேர்த்துத்தான். வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது வேகமாக வரைந்த படமல்ல, ஆனால் எங்கே மெல்லிய பூச்சு, எங்கே கெட்டித் தொடல் என்று கற்க எனக்கு அதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை.

கண்ணைக் கடைசியில் வைப்பேன். அடர் பழுப்பு, காய்ந்ததும் ஊசிமுனை அளவு வெள்ளை. அதோடு பிரஷைக் கீழே வைத்துவிடுவேன்.

உயிருள்ள பறவையைப் பார்த்து வரைந்தால் ஒரே தாளில் ஐந்தாறு நிலைகளைத் தொடங்கி வையுங்கள். அது திரும்பிவிட்டால் அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாகத் தொடங்குங்கள். இரை தேடும் பறவை கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கே வரும், அப்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.