பதில்: 90 புள்ளி இருந்தும் சார்ஜென்ட் ஊர் திரும்ப முடியாதா?

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்ததும், யாரை முதலில் விடுவித்து ஊருக்கு அனுப்புவது என்பதை அமெரிக்க ராணுவம் புள்ளி போட்டு முடிவு செய்தது. நீங்கள் 90 புள்ளி கொடுத்திருக்கும் உங்கள் கதையின் அமெரிக்கச் சார்ஜென்டுக்கு 90 வராது, 78தான். 1945 மே 12 வரையிலான கணக்கு இது: பணிக்காலம் 34 மாதம், மாதத்துக்கு 1. அதில் கடல் கடந்த 24 மாதத்துக்கு இன்னொரு 24. போர் நடவடிக்கையில் பங்கேற்றதற்கான போர்க்கள நட்சத்திரம் மூன்றுக்கு 15, காயத்துக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்துக்கு 5. பிள்ளைக்கு 12 உண்டு, ஆனால் உங்கள் கதையில் குழந்தை ஜூனில்தானே பிறக்கிறது? அந்த 12 செல்லாது. மனைவிக்குப் புள்ளியே கிடையாது, பாவம்.

அப்போது ஊர் திரும்பத் தேவை 85. செப்டம்பரில் வரம்பு 80 ஆனது. மாதக் கணக்கும் செப்டம்பர் 2 வரை நீண்டது. பணிக்கும் கடல் கடந்ததற்கும் மூன்று மூன்று மாதம் கூட்டினாலே 84. ஆகவே அவர் ஊர் திரும்பும் ஜூன் காட்சியை இலையுதிர்காலத்துக்குத் தள்ளுங்கள். புள்ளி சேர்ந்ததும் மறுநாளே கப்பல் ஏற்றிவிடாதீர்கள், இடத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.